எந்தக் கேள்விக்கு இந்தப் பதக்கம்?

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோவின் நிப்பான் புடோகான் மண்டபம். ஒலிம்பிக் கராத்தேயின் கடைசி நாள். 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவின் இறுதிச் சண்டை நடக்கிறது. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னால் நிற்கிறார். அவருடைய கால் ஒன்று உயர்ந்து, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதேயின் கழுத்தருகே போய் விழுகிறது. கஞ்ஜாதே அப்படியே சரிகிறார், எழவில்லை. முகத்தில் ஆக்சிஜன் வைத்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசுகிறார்கள். முடிவு வருகிறது: அளவு மீறிய தாக்குதல், ஹமேதி தகுதி நீக்கம். நினைவு தப்பிக் கிடந்தவருக்குத் தங்கம். சவூதி அரேபியா அதுவரை ஒலிம்பிக்கில் தங்கமே வாங்கியதில்லை. ஹமேதி அழுதுகொண்டே வெள்ளிக்கு வந்து நின்றார்.

இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். "உதைத்து வீழ்த்தியவன் தோற்றான், உதை வாங்கியவன் ஜெயித்தான், இதெல்லாம் ஒரு கலையா?" என்று ஒரு கட்சி. "விதி விதிதான். தொட்டு நிறுத்தத் தெரியாதவன் தங்கத்துக்குத் தகுதியில்லை" என்று மற்றது. எனக்கு இரண்டு பேச்சுமே அவசரமாகத் தோன்றின. தற்காப்புக் கலைப் போட்டிகள் அந்தக் கலையின் உண்மைத் திறனைக் காட்டுகின்றனவா என்பது நெடுநாள் வழக்கு. அந்த வழக்கை விசாரிக்க இந்த ஒரு உதை நல்ல சாட்சி. ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக்கூடாது.

முதலில் நடுவர்கள் பக்கம் நிற்போம். அந்த ஒலிம்பிக் கராத்தேயில் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதை எட்டினால் 3. தலையையும் முகத்தையும் குறிவைக்கலாம், ஆனால் தோலைத் தொடுவதற்கு மேல் பலம் போகக்கூடாது. அதுவும் வெறுமனே தொட்டால் போதாது. வடிவம் சுத்தமாக இருக்க வேண்டும், வேகம் வேண்டும், தூரமும் நேரமும் பொருந்த வேண்டும், அடித்த பிறகும் கவனம் கலையாமல் நிற்க வேண்டும். ஓடிவரும் ஆளின் முகத்துக்கு முழு வேகத்தில் ஒரு காலை அனுப்பி, தோலைத் தொடும் இடத்தில் அதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று ஒருமுறையாவது முயன்றவருக்குத் தெரியும். வீழ்த்துவதற்குப் பலம் போதும், நிறுத்துவதற்கு அதற்கு மேல் ஒன்று வேண்டும். அந்த அளவில் தீர்ப்பு சரி. கேட்ட பாடத்தில் ஹமேதி தவறினார்.

ஆனால் கேட்ட பாடம் எது என்பதுதான் வழக்கு. ஒரே அடியில் முடிப்பேன் என்று பெருமை பேசிய கலை கராத்தே. அந்தப் பெருமையை உலகம் பார்க்க நிறைவேற்றிய ஒரே மனிதர் தகுதி இழந்து வெளியேறினார் என்றால், கலை சொல்வதும் போட்டி கேட்பதும் வேறு வேறு என்று ஆகிறது. இதன் விளைவு பயிற்சிக் கூடத்தில் தெரியும். முகத்தில் உண்மையாக அடி விழாது என்ற நம்பிக்கை வந்துவிட்டால் கைகள் தாழ்கின்றன. துள்ளித் துள்ளி உள்ளே வந்து, தொட்டு, திரும்பி ஓடும் பழக்கம் ஊறுகிறது. ஓகினாவாவிலிருந்து கராத்தேயை ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையான கிச்சின் ஃபுனகோஷி கடைசி வரை போட்டிகளை ஏற்கவில்லை. அவர் மறைந்தது 1957 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய மாணவர்கள் தேசியப் போட்டியை நடத்திவிட்டார்கள். ஆறு மாதம் பொறுத்தார்கள் என்று சொல்லலாம்.

ஃபுனகோஷி சொன்னதுதான் சரி என்று இங்கேயே தீர்ப்பெழுதி எழுந்துவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்: போட்டி கலையைக் கெடுத்தது, பழைய ஆசான்கள் பார்த்து அழுதார்கள், இத்யாதி. எனக்கு அது ஒப்பவில்லை. தற்காப்புக் கலையில் திறன் என்பது பாதி உடம்பில் இருக்கிறது. கால் வைப்பு, இடுப்புத் திருப்பம், மூச்சு எல்லாம் அதில் அடக்கம். இவற்றை ஆளில்லாத கூடத்தில் ஆசான் பார்த்துத் திருத்திவிடலாம். மறுபாதி எதிரே நிற்பவனிடம் இருக்கிறது. அவன் எப்போது அசைவான், எங்கே பொய் காட்டுவான், என் அடி தவறினால் அடுத்த கணம் நான் என்ன ஆவேன் என்பதெல்லாம், ஒத்துழைக்க மறுக்கும் ஒருவன் எதிரே நின்றால் மட்டுமே வெளிவரும். ஆண்டுக்கணக்கில் நண்பனோடு பழகியவனுக்கு நண்பனை வெல்லத்தான் தெரியும்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலின் ஓரத்தில், 12 பாய் விரித்த இடத்தில், 9 மாணவர்களோடு கோடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. அவர் கற்ற ஜுஜுட்சுவில் கண்ணைக் குத்துவது, மர்மத்தில் அடிப்பது, விரலை ஒடிப்பது எல்லாம் உண்டு. அவற்றை முழு வேகத்தில் பழகினால் மாலைக்குள் கூடம் காலியாகிவிடும். மெதுவாக, ஒப்புக்கொண்ட வரிசையில் பழகினால் உயிர் பிழைக்கலாம், ஆனால் வேலை செய்யுமா என்று ஒருநாளும் தெரியாது. கானோ செய்த ஏற்பாடு எளிமையானது. ஆபத்தான அடிகளைக் கட்டா எனப்படும் வரிசைகளில் பத்திரப்படுத்தினார். எறிதல், அமுக்குதல், கழுத்துப் பிடி போன்றவற்றைத் தடையற்ற பயிற்சிக்கு விட்டார். முழு பலத்தோடு எறியலாம், எதிராளி முழு பலத்தோடு மறுக்கலாம், இருவரும் மறுநாளும் வரலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடிய அடிகளை எடுத்துவிட்டதால்தான் அவருடைய மாணவர்கள் கொடியவர்களானார்கள். 1880களில் பழைய பள்ளிக்காரர்களை எதிர்த்து நின்று பேர் வாங்கியது இந்தப் பயல்கள்தான்.

"எங்கள் கலை மேடைக்கு ஏற்றதல்ல, இறங்கினால் ஆள் செத்துவிடுவான்" என்று சொல்லும் ஆசான்கள் எல்லா நாட்டிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. கானோவின் ஏற்பாட்டுக்கு முன் அந்தப் பேச்சு நிற்காது. மேடையேறிச் சோதித்துப் பார்த்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1993 நவம்பர் 12இல் அமெரிக்காவின் டென்வரில் முதல் யூஎஃப்சி கூண்டுச் சண்டைப் போட்டி நடந்தது. கடிக்காதே, கண்ணை நோண்டாதே என்பதற்கு மேல் பெரிய தடை இல்லை, எடைப்பிரிவும் இல்லை. வென்றவர் ராய்ஸ் கிரேசி. கூட்டத்தில் மெலிந்தவர்களில் ஒருவர். அவருடைய குடும்பம் ஜுஜுட்சு கற்றது கோடோகானிலிருந்து பிரேசில் போன மிட்சுயோ மாயேதாவின் வழியில். அதாவது கானோவின் தடையற்ற பயிற்சியின் பேரப்பிள்ளை. 2017இல் சீனாவின் செங்டுவில் சூ ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டைக்காரர், வெய் லெய் என்ற தாய்ச்சி ஆசானை எதிர்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆசான் தரையில் கிடந்தார். சீனாவில் பெரிய ரகளை. கலையை அவமதித்ததாகச் சண்டைக்காரர் மேல் பாய்ந்தவர்களே அதிகம். என்னைக் கேட்டால், அன்று தோற்றது தாய்ச்சி என்று சொல்ல மாட்டேன். மறுக்கும் எதிராளியை ஒருபோதும் சந்திக்காத பயிற்சி தோற்றது. அதே சமயம் கூண்டுச் சண்டையையே இறுதி அளவுகோலாக வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கேயும் தரை மெத்தென்றிருக்கிறது, எதிராளி ஒருவன்தான், அவன் இடுப்பில் கத்தி இல்லை.

ஆக, போட்டி வேண்டும் என்பது வரை வழக்கு தெளிவாகிவிட்டது. எப்படிப்பட்ட போட்டி என்பதில்தான் சிக்கல்.

மறுபடியும் அதே புடோகானுக்கு வருவோம், 57 ஆண்டு பின்னோக்கி. அந்த மண்டபத்தைக் கட்டியதே 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காக. அந்த ஆண்டு அக்டோபர் 23இல், எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தரையில் அமுக்கிப் பிடித்தார். விடுபட முடியவில்லை. மண்டபம் உறைந்துபோயிற்று. கீசிங்க்கின் நாட்டுக்காரர்கள் சிலர் மகிழ்ச்சியில் மேடையை நோக்கி ஓடிவர, எழுந்துகொண்டிருந்த கீசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். பாயின் மேல் யாரும் கால் வைக்கக்கூடாது என்று அந்தக் கை சொன்னது. தோற்ற நாட்டுக்காரர்கள் அவரை மதிக்கத் தொடங்கியது அந்த நொடியில் என்பார்கள். அந்தப் போட்டி இரண்டு உண்மைகளைக் காட்டியது. ஜூடோ இனி ஜப்பானின் தனிச்சொத்து இல்லை. அத்தோடு, கானோ சொன்ன 'சிறிய பலத்தால் பெரியதை வெல்லுதல்' என்ற கொள்கை, திறனும் உடம்பும் சேர்ந்து வந்தால் எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்தது. அமுக்கியதற்குப் பதக்கம் கிடைத்தது. உயர்த்திய கைக்குப் புள்ளி எதுவும் இல்லை. இந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூடோதான் இந்த வழக்கில் மிக நல்ல சாட்சி. அந்த சாட்சியும் பிற்காலத்தில் பிறழ்ந்தது. 2010இல் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு, கையால் நேரடியாகக் காலைப் பிடித்துத் தூக்கும் முறைகளைத் தடுத்தது. 2013இல் தடை இன்னும் இறுகியது, இடுப்புக்குக் கீழே கையே போகக்கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. குனிந்து குனிந்து நின்று, மல்யுத்தம் போல ஒருவர் காலை மற்றவர் பறிப்பதிலேயே நேரம் போயிற்று. நிமிர்ந்து நின்று எறியும் ஜூடோவைக் காப்பாற்ற வேண்டும், பார்ப்பவருக்கும் விளங்க வேண்டும் என்றார்கள். நிமிர்ந்த ஜூடோ திரும்பி வந்தது உண்மை. ஆனால் கத்தா-குருமா என்ற எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் தொடைக்குள் கையை விட்டு, தோளின் குறுக்கே சுமையாகத் தூக்கிப் போடுவது. தன்னைவிடப் பெரிய ஒருவரை வெல்ல வழி தேடி, மேற்கத்திய மல்யுத்தப் புத்தகத்தைப் புரட்டி கானோவே உருவாக்கியது என்று வரலாறு. எறிதல்களின் கட்டாவில் அது மூன்றாவதாக இன்றும் இருக்கிறது. பிளாக் பெல்ட்டுக்காக மாணவர் அதை அழகாகச் செய்து காட்டுகிறார், அடுத்த வாரம் அதே வடிவத்தில் போட்டியில் செய்தால் தண்டனை. செய்து காட்ட மட்டும் தெரிந்த ஓர் எறிதல், மறுக்கும் எதிராளியிடம் ஒருபோதும் சோதிக்கப்படாத ஓர் எறிதல். கானோ எதிலிருந்து தப்பி ஓடிவந்தாரோ அதே இடத்துக்கு அவருடைய எறிதலைக் கொண்டுபோய் விட்டார்கள்.

இழப்பு அதோடு நிற்கவில்லை. காலைப் பிடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் காலைக் காக்கக் கற்பதில்லை. தடை செய்யப்பட்ட தாக்குதலோடு அதற்கான தற்காப்பும் சேர்ந்தே மறக்கப்படுகிறது. விதிப்புத்தகத்தில் ஒரு வரி, பத்து வருடத்தில் ஒரு தலைமுறையின் நிற்கும் முறையையே மாற்றிவிடும். போட்டி கலையைப் பிரதிபலிக்கிறதா என்று கேட்கிறோமே, சில வருடம் போனால் கேள்வியே தலைகீழாகிறது. கலைதான் போட்டியைப் பிரதிபலிக்கத் தொடங்குகிறது.

டேக்வாண்டோவில் இது கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது. நடுவர்களின் பாரபட்சம் பெரிய சர்ச்சையாகிவிட்டதால், மின்னணுக் கவசங்களை 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொண்டுவந்தார்கள். நியாயமான மருந்து. பக்க விளைவு என்னவென்றால், உணர்கருவி எதை அடி என்று எண்ணுகிறதோ அதுவே அடியாயிற்று. முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கத்தியைப் போல நீட்டி நீட்டித் தொடும் ஆட்டம் பெருகியது. காலால் ஆடும் வாள்வீச்சு என்று அந்தக் கலைக்காரர்களே கேலி செய்தார்கள். நடுவரின் கண் தவறும், கருவி தவறாது என்பது சரிதான். ஆனால் அடியின் தரத்தைக் கருவி கேட்காது.

தரத்தைக் கேட்கும் போட்டி ஒன்று உண்டு. கெண்டோ. ஒவ்வொரு நவம்பர் 3ஆம் தேதியும் தேசியப் பட்டத்துக்கான போட்டி நடக்கும், அதற்கும் பழகிய வீடு புடோகான்தான். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கழியால், கவசம் போட்ட எதிராளியின் தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை என்ற நான்கு இடங்களில் மட்டும் அடிக்கலாம். மூன்று நடுவர்கள் ஆளுக்கொரு சிவப்புக் கொடி, வெள்ளைக் கொடி. இரண்டு கொடிகளாவது உயர்ந்தால் புள்ளி. ஆனால் கழி பட்டது என்பதற்காகக் கொடி உயராது. கழியின் சரியான பகுதி, வெட்டும் விளிம்பு என்று கருதப்படும் பக்கத்தால், சரியான இடத்தில் படவேண்டும். குரலும் கழியும் காலும் ஒரே கணத்தில் சேர வேண்டும். அடித்துக் கடந்துபோன பிறகும், அடிபட்டவன் திரும்பித் தாக்குவான் என்ற விழிப்பு உடம்பில் இருக்க வேண்டும். வென்ற மகிழ்ச்சியில் முஷ்டியை ஆட்டினால் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. கீசிங்க்கின் கைக்குப் புள்ளி கொடுக்கும் கலை இது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. கால்பந்து மைதானத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றுபவர்களை ஒருநாள் இந்த மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

இவ்வளவு பாராட்டிய பிறகு குறையையும் சொல்ல வேண்டும். கெண்டோவில் முழங்காலுக்குக் கீழே யாரும் அடிப்பதில்லை. நாகினாதா என்ற நீண்ட பிடியுள்ள ஆயுதத்தின் போட்டியில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியும் இலக்கு. இரண்டையும் மோதவிடும் ஆட்டங்கள் ஜப்பானில் உண்டு. அப்போது கெண்டோக்காரர் வழக்கத்தில் இல்லாத கால் கவசத்தைக் கட்டிக்கொண்டு வருவார். அந்தக் கவசத்தைக் கட்டும்போதே தெரிந்துவிடுகிறது அவருடைய கலை எதைப் பார்க்காமல் விட்டது என்று. உண்மையான வாளோடு நின்ற காலத்தில் எதிராளி காலை விட்டுவைத்திருக்க மாட்டான்.

ஆனால் கெண்டோவுக்குத் தன் போட்டியின் எல்லை தெரியும், அதுதான் அதன் நேர்மை. தேசியப் பட்டம் வாங்கியவருக்கு அதற்காக எட்டாம் 'தான்' என்ற தரநிலை கிடைத்துவிடாது. அதற்குத் தனித் தேர்வு உண்டு. குறைந்தது 46 வயது, ஏழாம் தான் வாங்கிப் பத்து வருடம். இரண்டு சிறு ஆட்டங்கள் ஆட வேண்டும், தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். யார் அதிகம் அடித்தார் என்று எண்ணுவதில்லை. எதிராளியை எப்படி நகர்த்தினார், அடி எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு ஒருவர் தேறுவதே பெரிது. இருபத்தைந்து வயதில் புடோகானை வென்றவர் ஐம்பது வயதில் இந்தத் தேர்வில் நான்குமுறை தோற்கலாம், அதில் யாருக்கும் வியப்பில்லை. போட்டி ஒரு கேள்வி, தேர்வு வேறு கேள்வி.

எதிராளியே இல்லாத போட்டிகளையும் சொல்லிவிட வேண்டும். ஹமேதி அழுததற்கு முந்தைய நாள், அதே மண்டபத்தில் ஓகினாவாக்காரரான ரியோ கியுனா கட்டா பிரிவில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஓகினாவாக்காரர். மறைந்த தாயின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையேறினார். அந்த உடம்பில் இருந்த கட்டுப்பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது. மதிப்பெண்ணில் 70 விழுக்காடு நுட்பத்துக்கு, 30 உடல்திறனுக்கு என்று அப்போதைய விதி பிரித்திருந்தது. அந்த அளவுகோலுக்கு அவர் முற்றும் தகுதியானவர். ஆனால் அந்த அளவுகோலில், இந்த அடி ஒருவரிடம் பலிக்குமா என்ற கேள்வி எங்கும் இல்லை. அதைக் கேட்காததால் கியுனாவின் பெருமை குறையாது. தனியே ஆடி வாங்கிய தங்கத்தைச் சண்டைத் திறனுக்குச் சான்றாக யாராவது காட்டினால்தான் தவறு.

இந்தத் தவறு நம் ஊரில் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் ஜப்பானைச் சுற்றி வந்தேன்.

தென்மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சிலம்பப் போட்டி. சாமியானா, ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்த பெற்றோர்கள். பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஒற்றைக் கம்பைச் சுழற்றினாள். கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றின் ஓசை மட்டும் வந்தது. கழுத்தைச் சுற்றி, முதுகில் உருட்டி, காலுக்கடியில் விட்டு எடுத்தாள். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. மைதானத்தின் இன்னொரு மூலையில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் தலைக்கவசம் போட்ட இரண்டு பையன்கள், கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அவர்கள் வாத்தியார்களைத் தவிர ஆளில்லை. ஒருவன் கம்பைச் சுழற்றவே இல்லை. குத்தீட்டி மாதிரி நீட்டி, எதிராளியின் தோளை எட்டி எட்டித் தொட்டான். மற்றவன் தாழ்ந்து இறங்கிக் கணுக்காலில் ஒரு வாரல் போட்டான். இரண்டும் ஒரே நேரம். தோளைத் தொட்டவனுக்குப் புள்ளி. உண்மைக் கம்பாக, உண்மைச் சண்டையாக இருந்தால் புள்ளி வாங்கியவன் அன்று நடந்து வீடு போயிருக்க மாட்டான்.

பக்கத்தில் நின்ற வயதான வாத்தியாரிடம் கேட்டேன்: "வாத்தியாரே, அந்தப் புள்ள சுத்துன சுத்துக்கு முன்னால இவங்க ஆடுறது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே?"

"சுத்துறது கைக்குத் தெரியும், தம்பி. எதுத்தாப்புல ஒருத்தன் கம்போட நின்னா கண்ணுக்குத் தெரியணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் புள்ளயும் நம்ம புள்ளதான். தொடுமுறைக்கு வான்னா வீட்டுல விடமாட்டேங்காங்க, மேல பட்டுருமாம்" என்றார்.

சுழற்றுவது வீண் என்று சொல்ல வரவில்லை. சிலம்பத்தின் வீச்சுக்குப் பொருள் உண்டு. நாலு பேர் சூழ்ந்துகொண்டால் அவர்களை எட்ட நிறுத்தி வழி திறப்பதற்கான வீச்சுகள் அவை. ஒருவருக்கொருவர் என்று வட்டத்துக்குள் ஆடும் தொடுமுறையில் அந்தத் தேவையே வராது. ஆகவே தொடுமுறையும் சிலம்பத்தின் முழு முகம் அல்ல. கால் வரிசை தெரியாமல் வெறும் கம்பு நீளத்தை நம்பிக் குத்தும் பையன் அங்கே வென்றுவிடுகிறான் என்பதையும் பார்த்தேன். ஆனால் கழுத்தில் கம்பை உருட்டுவதற்கும் நாலு பேரை எட்ட நிறுத்துவதற்கும் என்ன தொடர்பு? பானை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, மணிக்கணக்கில் சுற்றிச் சாதனைச் சான்றிதழ் வாங்குவது என்று போகும் பாதை எந்தச் சண்டைக்கும் போய்ச் சேராது. அதில் உழைப்பு இருக்கிறது, தோளின் பலம் இருக்கிறது, மறுக்கும் எதிராளி மட்டும் இல்லை.

பழைய முறை ஒன்றைப் பெரியவர்கள் சொல்வார்கள். கம்பின் நுனியில் கரியோ சாந்தோ தடவிக்கொண்டு இறங்குவது. ஆட்டம் முடிந்தபின் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணுவது. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. எதிராளியின் கம்பைத் தட்டிவிட்டாலும் வெற்றி. 'பொட்டு வைத்தல்' என்ற சொல்லிலேயே ஒரு நாகரிகம் இருக்கிறது. மண்டையைப் பிளக்கும் வேகத்தில் வந்த கம்பு, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு நிற்கிறது. ஹமேதியிடம் புடோகான் கேட்டதும் இதைத்தான். எதிராளி மறுக்கிறான், கை முழு வேகத்தில் போகிறது, இருந்தும் காயம் இல்லை. இடம் பார்த்து மதிப்பு மாறுகிறது, பொய் சொல்ல முடியாத கரி சாட்சி சொல்கிறது. கருவியின் நேர்மையும் நடுவரின் தரமும் சேர்ந்த விதி இது. கணுக்காலையும் கணக்கில் கொள்ளும் விதி என்பதால் கெண்டோவின் குருட்டிடமும் இதில் இல்லை.

வழக்கை முடிக்கிறேன். போட்டி கலையின் முழுத் திறனைக் காட்டுகிறதா என்றால், எந்தப் போட்டியும் காட்டவில்லை, காட்டவும் முடியாது. ஆனால் மறுக்கும் எதிராளியைக் கொண்ட போட்டி, வேறெதுவும் காட்டாத ஒரு பகுதியைக் காட்டுகிறது. அந்தப் பகுதி இல்லாமல் ஒருவரைத் தேர்ந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு போட்டியை நம்பலாமா என்று பார்க்க இரண்டைக் கேட்டால் போதும். எதிராளி உண்மையாக மறுத்தானா? விதி விலக்கிய பகுதி பயிற்சிக் கூடத்திலாவது எதிர்ப்போடு பழகப்படுகிறதா? முதல் கேள்வியில் ஜூடோவும் கெண்டோவும் தேறுகின்றன, கராத்தே பாதி தேறுகிறது, டேக்வாண்டோவில் கருவி தேறுகிறது. தனியாட்டங்கள் அந்தக் கேள்விக்கே வருவதில்லை. இரண்டாம் கேள்வியில் கெண்டோவைத் தவிர எல்லோரும் தடுமாறுகிறார்கள். கெண்டோவும் கால் விஷயத்தில் தடுமாறுகிறது.

சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்க விளையாட்டாக மேடை ஏறியது. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இடம் பெற்றிருக்கிறது. இனி சான்றிதழுக்கு விலை உண்டு, விலை உள்ள இடத்தில் விதிதான் கலையின் வடிவத்தை எழுதப்போகிறது. தனித்திறன் பிரிவை நிறுத்தச் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதுதான் வாசல். தொடுமுறையில் கணுக்கால் அடிக்குத் தோளைத் தொடுவதைவிடக் கூடுதல் புள்ளி கொடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பட்டால் யாருக்கும் புள்ளி வேண்டாம். வயது வந்தோர் பிரிவில் தனித்திறன் பரிசு வாங்க வேண்டுமானால் அதே நாளில் தொடுமுறையிலும் இறங்கியாக வேண்டும் என்று வையுங்கள். இப்போது தரும் சான்றிதழில் 'சிலம்பம் – முதலிடம்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். எந்தப் பிரிவில் என்று அடைப்புக்குள் எழுத ஒரு வரி இடம் விட்டால் போதும், அதற்கு அச்சகத்துக்குக் கூடுதலாகக் காசு ஆகாது.